மூங்கிலில் விமானம் கட்டியவரும் அவர் கேட்ட குண்டுச் சத்தமும்

விமானச் சத்தம் கேட்டதும் கால்கள் தாமாகவே பங்கரை நோக்கி ஓடிய காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. கிபிரின் இரைச்சல் எது, வண்டின் ரீங்காரம் எது என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கடந்த பின்பும், ஏதாவதொரு விமானம் தாழப் பறந்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற அம்மாக்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

அதனால்தான் அல்பேர்ட்டோ சாந்தோஸ் டுமோன்டின் வாழ்க்கையை எங்களால் வெறும் விஞ்ஞானக் கதையாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. உலகின் முதலாவது இலகுரகக் குட்டி விமானத்தை மூங்கிலாலும் பட்டுத் துணியாலும் கட்டியவர் அவர். யார் வேண்டுமானாலும் அதைச் செய்து பறக்கட்டும் என்று வரைபடங்களை இலவசமாக விட்டுக்கொடுத்தவர். அதே மனிதர், தன் நாட்டு விமானங்கள் தன் நாட்டு மக்கள்மீதே குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களில் உயிர் துறந்தார்.

அவர் 1873 யூலை 20ஆம் திகதி பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஹென்ரிக் டுமோன்ட் பிரெஞ்சு வழிவந்த பொறியியலாளர். பின்னர் சாவோ பவுலோ மாநிலத்தில் பெரும் கோப்பித் தோட்டம் ஒன்றை உருவாக்கி நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார். அல்பேர்ட்டோவுக்கு 14 வயதாகும் வரைக்கும் பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி நடைமுறையில் இருந்தது. அந்த நாட்டின் கோப்பிச் செல்வம் அடிமைகளின் உழைப்பின் மேல் எழுந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருட்கள் இயந்திரங்களே. கோப்பிக் கொட்டையைக் கழுவி, உலர்த்தி, தரம் பிரிக்கும் இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டத்துக்குள் ஓடிய நீராவி ரயிலைச் சிறுவயதிலேயே ஓட்டப் பழகினார். இரவில் ஜூல்ஸ் வேர்ணின் கதைகளை வாசித்தார்.

வண்டியிலிருந்து விழுந்த தந்தைக்கு உடல் செயலிழந்தது. தோட்டம் விற்கப்பட்டது. 1892இல், 18 வயது மகனின் கையில் அவனுக்குரிய சொத்தை ஒப்படைத்த தந்தை அதே ஆண்டில் இறந்துபோனார். மகன் பாரிஸ் நகருக்குப் போய்ப் பௌதிகமும் இயந்திரவியலும் படித்தார்.

சுமார் 50 கிலோ எடையும் குள்ளமான உருவமும் கொண்டவர் அவர். அந்த உடல்வாகு வானத்துக்கு வசதியாகப் போயிற்று. 1898இல் தனக்கென மிகச் சிறிய பலூன் ஒன்றைச் செய்வித்துப் பறந்தார். பிறகு சுருட்டு வடிவில் வாயுப் பை அமைத்து, அதன் கீழே பெற்றோல் எஞ்சின் ஒன்றைத் தொங்கவிட்டு, காற்றுக்கு எதிராகவும் ஓட்டக்கூடிய வான்கப்பல்களைக் கட்டத் தொடங்கினார். ஐதரசன் நிரம்பிய பையின் கீழே தீப்பொறி பறக்கும் எஞ்சினை வைப்பது தற்கொலைக்குச் சமம் என்று பலர் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. 1901 ஓகஸ்டில் அவருடைய ஐந்தாவது வான்கப்பல் வாயு கசிந்து ஒரு ஹோட்டல் கூரையில் மோதியது. தீயணைப்புப் படையினர் கயிறு கட்டித்தான் அவரை மேலே எடுத்தார்கள். அன்றைக்கே அடுத்த வான்கப்பலைக் கட்டும் வேலையில் இறங்கிவிட்டார்.

அந்த ஆறாவது வான்கப்பல்தான் அவரை உலகப் புகழ் பெற வைத்தது. 1901 ஒக்டோபர் 19ஆம் திகதி சென் குளூவில் இருந்து புறப்பட்டு, ஈபிள் கோபுரத்தைச் சுற்றித் திரும்பினார். 30 நிமிடங்களுக்குள் திரும்புபவருக்கு ஒரு இலட்சம் பிராங்க் பரிசு என்று எண்ணெய் வணிகர் ஹென்றி டொய்ச் அறிவித்திருந்தார். கயிற்றைப் பிடித்து இறக்கிய நேரத்தையும் கணக்கிட வேண்டுமா என்ற வாக்குவாதத்துக்குப் பிறகு பரிசு அவருக்கே கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு உழைத்த தொழிலாளர்களுக்கும் மறு பகுதியை பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார். அடகுக் கடைகளில் வேலைக் கருவிகளை வைத்துவிட்டுத் தவித்த கூலித் தொழிலாளர்கள் அவற்றை மீட்டுக்கொண்டார்கள்.

1906இல் அவர் வான்கப்பலை விட்டு விமானத்துக்கு மாறினார். அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பாரிஸ் நகரின் பகத்தேல் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன்னே 220 மீற்றர் தூரம் பறந்தார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1903 டிசெம்பரில், அதிகம் பேர் பார்க்காத கடற்கரையில் பறந்துவிட்டார்கள். ஆனாலும் பிரேசிலில் இன்றும் விமானத்தின் தந்தை என்று பிள்ளைகள் படிப்பது சாந்தோஸ் டுமோன்டின் பெயரைத்தான்.

யார் முதலில் பறந்தார் என்ற சண்டையில் பலர் கவனிக்காமல் விட்டது அவருடைய அடுத்த வேலையை. 1907இல் தொடங்கி 1909 வரையில் அவர் செப்பனிட்டுக்கொண்டே வந்த சிறிய விமானம் அது. பெயர் டெமுவாசெல். பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்று பொருள், ஊசித்தும்பிக்கும் அதே பெயர். பார்ப்பதற்கும் தும்பி போலத்தான் இருந்தது. இறக்கைகளின் முழு அகலம் ஐந்து மீற்றரைச் சற்றே தாண்டும். விமானி ஏறி அமர்ந்த பின்பும் மொத்த எடை 200 கிலோவை எட்டாது. மோட்டார் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடலாம்.

அதன் உடல் மூன்று நீண்ட மூங்கில் கழிகள்தான். குறுக்குச் சட்டங்கள் இட்டு, உலோகப் பூண்களால் இணைத்து, பியானோவுக்குப் பயன்படும் எஃகுக் கம்பிகளால் முறுக்கி இழுத்துக் கட்டினார். எடைக்கு எடை பார்த்தால் மூங்கில் தாங்கும் பாரம் பெரிது. வளையும், சட்டென்று முறியாது. இறக்கைகளுக்குப் பட்டுத் துணி போர்த்தினார். நீரால் குளிரூட்டப்படும் இரண்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கைக்கு மேலே வைத்தார். விமானி இறக்கைக்குக் கீழே, சில்லுகளுக்கு நடுவில், ஒரு துணித் துண்டின் மேல் உட்கார வேண்டும். சில்லுகள் சைக்கிள் சில்லுகள் போன்றவை. வாற்பகுதி முழுவதும் ஒரே மூட்டில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும். இறக்கைகளைச் சமப்படுத்தும் கம்பிகள் விமானியின் மேற்சட்டை முதுகோடு பொருத்தப்பட்ட தண்டில் போய் முடியும். சைக்கிள் ஓடுபவர் வளைவில் சாய்வதுபோல, சரிகின்ற பக்கத்துக்கு எதிரே உடம்பைச் சாய்த்தால் விமானம் நிமிரும். கொஞ்சம் புல்வெளி இருந்தால் மேலே ஏறவும் இறங்கவும் அதற்குப் போதும். 1909 செப்டெம்பரில் சென் சீரில் இருந்து பூக் வரை எட்டுக் கிலோமீற்றரை ஐந்து நிமிடங்களில் கடந்தார்.

ரைட் சகோதரர்கள் காப்புரிமை வழக்குகளோடு நீதிமன்றங்களில் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. சாந்தோஸ் டுமோன்ட் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. வரைபடத்தைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். 1910 யூன், யூலை மாதங்களில் அமெரிக்காவின் பொப்பியூலர் மெக்கானிக்ஸ் சஞ்சிகை அளவுகளோடு அதை வெளியிட்டது. கைவேலை தெரிந்த எவரும் வீட்டுக் கொட்டிலில் விமானம் கட்டலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. பிரான்ஸின் கிளெமோன் பயார் நிறுவனம் தானும் அதைக் கட்டி விற்றது.

டெமுவாசெல்லில் பறந்து பெயரெடுத்த இளைஞர்களில் ஒருவர் ரோலண்ட் காரோஸ். இன்று பாரிஸ் நகரின் டென்னிஸ் அரங்கு அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருக்கு என்ன நடந்தது என்பதில்தான் அந்தக் குட்டி விமானத்தின் மற்றக் கதை இருக்கிறது.

1911 நவம்பர் 1ஆம் திகதி லிபியாவில் ஒரு இத்தாலிய விமானி தன் சிறிய விமானத்திலிருந்து கையால் குண்டுகளை எறிந்தார். விமானத்திலிருந்து மனிதர்கள்மீது விழுந்த முதற் குண்டுகள் அவை. மூன்றே ஆண்டுகளில் உலகப் போர் வந்தது. புல்வெளியில் தும்பியை ஓட்டி மகிழ்ந்த காரோஸ், 1915இல் விமானத்தின் சுழலும் விசிறிக்கு ஊடாக இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டு எதிரி விமானங்களை வீழ்த்தினார். 1918 ஒக்டோபரில், போர் முடிய ஐந்து வாரங்கள் இருக்கையில், அவரும் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார்.

சாந்தோஸ் டுமோன்ட் அப்போது பறப்பதை நிறுத்திவிட்டிருந்தார். 1910இல் விபத்து ஒன்று நேர்ந்தது. நரம்பு நோயும் தாக்கியது. பிரான்ஸின் வடக்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1914இல் போர் தொடங்கியதும், வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடலைப் பார்த்துத் தொலைநோக்கி வைத்திருக்கிறார் என்று அயலவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஜேர்மன் உளவாளியோ என்று பொலிசார் வீட்டைச் சோதனையிட்டார்கள். மனமுடைந்த அவர் தன் வரைபடங்களையும் கடிதங்களையும் எரித்துவிட்டார். சோதனைக்குப் பயந்து அல்பங்களையும் கடிதங்களையும் அடுப்பில் போட்டவர்கள் எங்கள் மத்தியிலும் உண்டு. அந்தச் சாம்பலின் பெறுமதியை அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் அவரை அப்பாவியாகக் காட்டிவிட்டுப் போவது சரியல்ல. 1903 யூலை 14ஆம் திகதி பிரெஞ்சு இராணுவ அணிவகுப்புக்கு மேலே தன் வான்கப்பலில் பறந்து, துப்பாக்கி வேட்டுகளால் மரியாதை செய்தவர் அவர். போர் வந்தால் தன் வான்கப்பல்களைப் பிரான்ஸ் பயன்படுத்தலாம் என்று போர் அமைச்சுக்கு எழுதியும் கொடுத்தார். அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. வானத்திலிருந்து எதிரியைப் பார்க்க முடிந்தால் நல்லதுதானே என்று இளவயதில் நினைத்த மனிதர்தான் அவரும். பின்னாளில் அவரை வாட்டிய குற்ற உணர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

பிரேசிலுக்குத் திரும்பினார். 1916இல் இகுவாசு நீர்வீழ்ச்சியைப் பார்த்தபோது, அது தனியாருக்குச் சொந்தமான காணியில் இருப்பதை அறிந்து, மக்களுக்கு உரியதாக மாற்ற வேண்டும் என்று மாநில ஆட்சியாளரிடம் நேரே போய் வாதாடினார். இன்று அது தேசியப் பூங்கா. பெத்ரோபோலிஸ் மலைநகரில் 1918இல் சிறிய வீடொன்றைக் கட்டினார். இடம் குறைவாக இருந்ததால் ஒவ்வொரு படியிலும் ஒரு கால் வைக்க மட்டும் இடம் விட்டு மாடிப்படி அமைத்தார். அதில் வலது காலை வைத்துத்தான் ஏறத் தொடங்க முடியும்.

1926இல் அவர் ஒரு முயற்சி செய்தார். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்திடம், விமானங்களைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு கேட்டுக்கொண்டார். அரசுகள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்தும் ஜெனிவாவுக்கு எத்தனையோ மனுக்கள் போயிருக்கின்றன. அந்த நகரத்தின் கதவுகளைத் தட்டி வெறுங்கையோடு நின்றவர்களின் வரிசை மிக நீளமானது.

1928 டிசெம்பரில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ரியோ துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவரை வரவேற்க, அவர் பெயரே சூட்டப்பட்ட கடல் விமானம் ஒன்று மேலே எழுந்தது. அவர் கண் முன்னேயே அது விரிகுடாவில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் அனைவரும் இறந்தார்கள், அவர்களில் பிரேசிலின் அறிவியலாளர்களும் இருந்தார்கள். வரவேற்பு விழாக்களை இரத்துச் செய்துவிட்டு அவர் மரணச் சடங்குகளுக்குப் போனார். அதன் பிறகு அவர் தேறவில்லை. சுவிற்சர்லாந்திலும் பிரான்ஸிலும் மருத்துவமனைகளில் நாட்கள் கழிந்தன. மருமகன் ஒருவர் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்.

1932 யூலை 9ஆம் திகதி சாவோ பவுலோ மாநிலம் மத்திய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. சகோதரர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டாம், பேசித் தீருங்கள் என்ற பொருளில் அவர் பிரேசில் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பலன் இல்லை. இரு தரப்பிடமும் விமானங்கள் இருந்தன. மத்திய அரசின் விமானங்கள் சாவோ பவுலோ மாநிலத்தில் குண்டு போட்டன. அப்போது அவர் அந்த மாநிலத்தின் குவாருஜா கடற்கரையில், ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். யூலை 23ஆம் திகதி, தன் 59ஆவது பிறந்தநாள் கழிந்து மூன்று நாட்களில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நீண்டகால நோயும் மனச்சோர்வும் அவரை ஏற்கனவே தின்றிருந்தன. போர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதிகாரிகள் மரணத்தின் உண்மைக் காரணத்தைப் பல ஆண்டுகள் மறைத்தார்கள். தேசிய வீரரின் மரணம் இப்படி இருக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

உடலைப் பதப்படுத்திய மருத்துவர் அவருடைய இதயத்தை இரகசியமாக எடுத்துப் பாதுகாத்தார். இன்று அது ரியோவில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு பொன் கோளத்துக்குள் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் விமானப்படைக்குச் சொந்தமானது. விமானங்களை ஆயுதமாக்க வேண்டாம் என்று கேட்ட மனிதரின் இதயத்தை விமானப்படையே காவல் காக்கிறது.

அவருடைய தும்பியின் வழிவந்த குட்டி விமானங்கள் இன்றும் வீடுகளில் பிறக்கின்றன. பாகங்கள் பெட்டிகளில் வந்து இறங்க, குடும்பமாகச் சேர்ந்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கட்டுகிறார்கள். பெரிய சில்லு பூட்டிய அவை அலாஸ்காவில் வீதியே இல்லாத ஆற்றுமணலில் இறங்குகின்றன. மூங்கிலுக்குப் பதில் அலுமினியமும் உருக்குக் குழாயும். எடையைக் குறை, சிறு நிலத்தில் இறங்கு, நீயே கட்டு என்ற பாடம் அவருடையதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தின்மீது குண்டு போட்ட புலிகளின் விமானங்களும் பயிற்சிக்கும் பயணத்துக்குமென உருவான சிறிய இலகுரக விமானங்களே. எங்கள் தலைக்கு மேல் வந்த கிபிர்களோ தொடக்கத்திலிருந்தே கொல்வதற்கென்று கட்டப்பட்டவை. எந்த விமானத்தின் கீழும், விழுவது எது என்று தெரியாமல் அண்ணாந்து பார்க்கும் முகம் ஒன்றுதான்.

ஒன்றைச் செய்து உலகத்தின் கையில் கொடுத்துவிட்டவருக்கு, அது போகும் வழியைத் தீர்மானிக்க முடியாது. அவர் செய்ததெல்லாம், பிழையான வழியில் போகிறது என்று தெரிந்ததும் அதை வெளியே சொன்னதுதான். விமானங்களை வாங்கியவர்களும் விற்றவர்களும் ஓட்டியவர்களும் ஏவியவர்களும் நிறையப் பேர் எங்கள் கதையில் இருக்கிறார்கள். அவர்களில் அந்தளவுக்காவது சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதை நாங்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.