நவாப் இழந்த கணக்கு

பெசன்ட் நகரிலிருந்து மெரினா வழியாகச் செல்லும்போதெல்லாம், பொருளியல் கற்பித்த எனக்குச் சேப்பாக்கம் அரண்மனை ஒரு கடன் பத்திரமாகவே தெரிகிறது. அங்கு வாழ்ந்த ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா, ஆங்கிலக் கம்பெனியின் படைத் துணையால் சந்தா சாகிப்பை வென்று ஆட்சியை நிலைநிறுத்தியவர். அத்துணைக்கான செலவு அவர் தலையில் விழுந்தது.

1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனி ஊழியர்களிடமே கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஹைதர் அலியுடனான போரின்போது, 1781-இல், நாட்டின் வரி வருவாயையே கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1792 உடன்படிக்கை, படைச் செலவுக்கென ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் விதித்தது. 1795-இல் அவர் மறைந்தார். 1801-இல் நாடு கம்பெனி வசமாயிற்று.

தோற்று நாடிழந்தோர் பலர். அவர் குடும்பமோ வென்றவர்களின் நட்பாலேயே இழந்தது. போர்ச் செலவில் பங்கு கேட்கும் நட்பு நாட்டிடம், போரை முடிவு செய்வதிலும் கணக்கைத் தணிக்கை செய்வதிலும் பங்கு கேட்கத் தவறலாகாது.