அடுக்குகளைத் திறந்த அறிஞர்

கணிதம் கற்பிக்க வந்து, நூலகத்தால் உலகப் புகழ் எய்தியவர் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன். நூலகர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது சாவிக்கொத்தும் கையுமாக அமர்ந்திருக்கும் ஒரு காவலரின் உருவமே. அவ்வுருவத்தை மாற்ற முயன்ற பெருமகனாரின் வரலாற்றை, நூலகங்கள் யாவும் கணினிமயமாகிவரும் இவ்வேளையில் எண்ணிப் பார்ப்பது தகும் எனக் கருதுகிறோம்.

1892-ஆம் ஆண்டு அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். திக்குவாய் அவரை இளமையில் பெரிதும் வருத்தியது. எனினும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூரிலும் கோவையிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1924-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் ஆரவாரத்திற்குப் பழகியவருக்கு, படிப்போர் அருகியிருந்த அந்நூலகத்தின் அமைதி பொறுக்கவில்லை. ஒரு வாரத்திற்குள்ளாகவே பழைய கல்லூரிக்கு ஓடி, மீண்டும் தம்மை ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுமாறு முதல்வரிடம் மன்றாடினார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வாரும். அதன் பின்னும் மனம் ஒப்பவில்லையெனில் இடம் தருகிறோம் என்பது முதல்வர் அளித்த உறுதி. அவ்வுறுதியை நிறைவேற்றும் தேவை பிறகு எழவே இல்லை.

இலண்டனில் பெர்விக் சேயர்சு என்னும் அறிஞரிடம் பயின்ற அரங்கநாதன், வகுப்போடு நில்லாது நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார். தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவரும் உரிமையோடு நுழைந்து நூலெடுத்துச் செல்லும் காட்சி அவர் நெஞ்சில் பதிந்தது. நூல்களைப் பகுக்கும் முறைகள் மட்டும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு நாள் அங்காடியொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில உலோகப் பட்டைகளும் திருகாணிகளுமே கருவி. அவற்றை வேண்டியவாறு இணைத்தால் பாலமும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். அறிவுத்துறைகளையும் இவ்வாறே கூறுகளாகப் பிரித்துத் தேவைக்கேற்பக் கோக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. இந்தியாவில் காசநோய்க்கான சிகிச்சை பற்றிய நூல் என்றால், மருத்துவம், உறுப்பு, நோய், சிகிச்சை, நாடு, காலம் எனக் கூறு கூறாக எண்ணிட்டு, இடையே முக்காற்புள்ளியால் இணைத்துவிடலாம். 1925-இல் நாடு திரும்பும் கப்பலிலேயே இவ்வேலையைத் தொடங்கினார். 1933-இல் அது கோலன் பகுப்பு முறை என்னும் நூலாக வெளிவந்தது.

ஆயினும் பகுப்பு முறையைவிட, அவர் வாசகர்க்குச் செய்ததே பெரிது என்பது நம் கருத்து. நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். வேலை முடித்து வருவோர்க்கும் பயன்பட வேண்டுமென்று நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகருடன் அடுக்குவரை நடந்து சென்று உதவுவதை நூலகரின் முதற்கடமையாக்கினார். 1931-இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலில் இவற்றுக்கெல்லாம் அடிப்படை வகுத்தார். நூல் பயன்பாட்டிற்கே உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு. வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பவை அவற்றின் சாரம். இவற்றில் என்ன புதுமை என்று தோன்றலாம். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தனர் என்பதை அந்நூல் நினைவூட்டுகிறது. தரையில் நிற்கும் ஒருவரின் கைக்கெட்டாத உயரத்தில் நூலடுக்கு அமையலாகாது என்னும் அளவிற்கு அவர் முதல் விதியை விரித்துரைக்கிறார். ஏணி தேடும் வாசகர் நூல் தேடுவதை விட்டுவிடுவார் அல்லவா?

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். நூலகர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1936-இல் பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கம் கடற்கரையில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. இருபது ஆண்டுகளில் அவர் விடுப்பே எடுக்கவில்லை என்றும், தம் திருமண நாளன்று பிற்பகலிலேயே பணிக்குத் திரும்பினார் என்றும் கூறுவர். (இல்லத்தார் என்ன எண்ணினரோ!) பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தம் கையாலேயே பகுத்தமைத்தார் என்பர். அதன்பின் தில்லியில் பணியாற்றினார். 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கு அவர் உழைப்பே வித்தாயிற்று.

இன்று நம் நூலகங்களில் கணினித்திரை அமர்ந்துள்ளது. மொழி, ஆண்டு, பொருள் எனக் கூறு கூறாகத் தெரிவு செய்து தேடலைக் குறுக்குகின்றோமே, அம்முறையின் வேரை அரங்கநாதனின் கூறுபாட்டுச் சிந்தனையில் அறிஞர்கள் காண்கின்றனர். அவர் பிறந்த நாட்டிலோ டூயியின் தசமப் பகுப்பே பெருவழக்காயிற்று. அது வேறு கதை. ஆயின் கணினியை வாங்கி வைத்தல் நூலகச் சீரமைப்பு ஆகிவிடாது. பெரும் பொருள் செலவிட்டுப் பெற்ற மின்னிதழ்கள் கடவுச்சொல் அறியாத மாணவர்க்குச் சங்கிலியிட்ட நூல்களே. முதலாண்டு மாணவர் ஒருவர் திரையின் முன் திகைத்து நிற்கையில் அருகே சென்று உதவ ஆள் இல்லையெனில், பழைய பூட்டு புதிய வடிவில் வந்துள்ளது என்றே கொள்ள வேண்டும்.

1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரை அடைந்தன. 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி பயிற்சி மையத்தைத் தோற்றுவித்து, 1972 செப்டம்பர் 27-இல் அந்நகரிலேயே மறைந்தார். ஆகஸ்ட் 12-ஆம் நாள் அவர் நினைவாக நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயை, நூலகவியலுக்குப் பேராசிரியர் இருக்கை நிறுவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்திருந்தார். அவ்விருக்கை தாங்கி நிற்பது அவர் துணைவியார் சாரதாவின் பெயரை.