ஜான் ஸ்காட் ஹால்டேன்

உணவின்றிச் சில வாரமும், நீரின்றிச் சில நாளும் மனிதன் உயிர் தாங்கக் கூடும். மூச்சின்றியோ சில நிமிஷங்களுக்கு மேல் தாங்க இயலாது. இத்துணை இன்றியமையாத மூச்சின் இயல்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டு, அவ்வாராய்ச்சியின் பயனை நோயாளர் கட்டிலருகே கொண்டு சேர்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் 1860-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் பிறந்தார். 1884-இல் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பொருளீட்டும் வைத்தியத் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. டண்டீ நகரில் ஏழைகள் நெருங்கி வாழும் வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள காற்றைச் சோதிப்பதில் ஈடுபட்டார். பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, அங்கேயே நிலைத்து ஆராய்ச்சி நடத்தினார்.

1896-இல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்துப் பலர் மாண்டனர். ஹால்டேன் அவ்விடம் போய் இறந்தோர் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் வெடியினால் அன்றி, அதன்பின் பரவிய கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சு வாயுவினாலேயே மடிந்தனர் என்று காட்டினார். அந்நஞ்சைத் தாமே சுவாசித்து அதன் குணங்களை அறிந்தவர் அவர். சுண்டெலி, சிறு பறவை முதலியன மனிதருக்கு முன்னரே அதனால் சோர்வுறும் ஆதலின், அவற்றைச் சுரங்கத்துள் உடன் கொண்டு செல்லுமாறு அறிவுறுத்தினார். அதனால் உயிர் தப்பிய தொழிலாளர் பலர்.

நமது மூச்சை நொடிதோறும் நடத்துவது முக்கியமாக இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவின் அளவே என்பதை 1905-இல் அவர் தம் துணைவர் ஒருவருடன் நிலைநாட்டினார். 1911-இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நண்பர்களோடு பல வாரம் தங்கி, பிராணவாயு குறைந்தவிடத்து உடல் படும் பாட்டைக் கண்டறிந்தார்.

இவ்வறிவெல்லாம் சோதனைக்குள்ளாகும் காலம் வந்தது. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைப் பரப்பினர். சுவாசப்பை புண்பட்டு நீர் கோத்து, உதடு நீலம் பாரித்து, படைவீரர் மூச்சுக்குத் தவித்தனர். ஹால்டேன் பிரான்சுக்கு விரைந்து அவர்களைக் கண்டார். அக்காலத்து வைத்தியர் பிராணவாயுவைப் புனல் ஒன்றின் வழியே நோயாளர் முகத்துக்கு எதிரே விடுவர்; அதிற் பெரும்பகுதி வெளிக்காற்றோடு கலந்து வீணாகும். அவரோ, முகத்தோடு பொருந்தும் மூடியும் சிறு பையும் உடையதாய், நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து விடும் கருவி ஒன்றை அமைத்தார். இம்முறையை 1917-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் விளக்கி எழுதினார். பிராணவாயு அன்றுமுதல் அளவறிந்து கொடுக்கும் மருந்தாயிற்று.

அவர் விதைத்த விதை காலந்தாழ்த்தே முழுப்பயன் தந்தது. நெடுநாட் சுவாசப்பை நோயால் இரத்தத்திற் பிராணவாயு மிகக் குறைந்தோர், நாள்தோறும் 15 மணி நேரம் அதனைச் சுவாசித்தால் ஆயுள் நீளும் என்று 1981-இல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சி மெய்ப்பித்தது. 87 பேரை ஐந்தாண்டு வரை கவனித்ததில், பிராணவாயு பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் இறந்தனர். ஆயினும் இத்தகைய நோயாளர்க்கு அளவு மீறிக் கொடுப்பின் கரியமிலவாயு உடலில் தேங்கி உயிருக்கே கேடாம். குறையின் ஒரு தீங்கு, மிகின் வேறொரு தீங்கு. அளந்து கொடுத்தலின் அருமை இதனால் விளங்கும்.

ஹால்டேன் 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவர் மைந்தர் ஜே. பி. எஸ். ஹால்டேனும் பேரறிஞர், இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! பிறர்க்கு வரும் துன்பத்தை முன்னர்த் தம்முடலில் ஏற்றுச் சோதித்தவர் இவர். சுரங்கத் தொழிலாளரும் போர்வீரரும் ஏழைகளுமே அவருடைய ஆராய்ச்சிக்குப் பொருளாயினர். கற்ற கல்வி பிறர் உயிர்க்கு உதவுமாறு உழைத்தலே கல்வியின் பயன் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.