துயரங்களுக்கு நடுவிலும் நிற்காத எழுதுகோல்: தாகூர் கடந்து வந்த கடினமான ஆண்டுகள்

கொல்கத்தா, ஆக. 7: கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1941ஆம் ஆண்டு இதே நாளில் கொல்கத்தாவின் ஜொராசாங்கோ இல்லத்தில் காலமானார். நோபல் பரிசு, தேசிய கீதம், சாந்திநிகேதன் ஆகியவற்றால் நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. நீண்ட தாடியும் சாந்தம் ததும்பும் முகமுமாகப் பாடநூல்களில் காணப்படும் அவரது படம், துயரம் தீண்டாத ஒரு முனிவரைப் போன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில், 1902 முதல் 1907 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் மனைவி, மகள், தந்தை, இளைய மகன் என நால்வரை இழந்தவர் அவர்.

மரணம் அவருக்குப் புதியதன்று. 1861ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி பிறந்த அவர், 13 வயதில் தாயை இழந்தார். அதன்பின் அவருக்கு உற்ற தோழியாகவும் அவரது கவிதைகளின் முதல் வாசகியாகவும் விளங்கியவர் அண்ணி காதம்பரி தேவி. தாகூருக்குத் திருமணமான சில மாதங்களில், 1884 ஏப்ரலில், அந்த அண்ணி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது 22 வயதாக இருந்த கவிஞர், முதுமை வரையிலும் தம் எழுத்துகளில் அவரைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார்.

1901ஆம் ஆண்டு இறுதியில், தந்தை தேவேந்திரநாத் நிறுவிய சாந்திநிகேதன் ஆசிரமத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தாகூர் தொடங்கினார். மூத்த மகன் ரதீந்திரநாத்தும் அவர்களுள் ஒருவர். மாணவர்களிடம் கட்டணம் பெறவில்லை. செலவுக்குப் பணம் போதாத நிலையில் மனைவி மிருணாளினி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது.

பள்ளி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் மிருணாளினி நோயுற்றார். செவிலியரை அமர்த்த மறுத்த தாகூர், ஏறத்தாழ இரண்டு மாத காலம் இரவும் பகலும் படுக்கையருகே இருந்து தாமே பணிவிடை செய்தார். மின்விசிறி இல்லாத அறையில் கைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார். 1902 நவம்பர் 23ஆம் தேதி மிருணாளினி மறைந்தபோது அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கவில்லை.

அடுத்து இரண்டாவது மகள் ரேணுகாவைக் காசநோய் பற்றியது. நல்ல காற்றை நாடி முதலில் ஹசாரிபாக்குக்கும் பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்கும் மகளை அழைத்துச் சென்றார். தாயை இழந்த பிள்ளைகளுக்காக அவர் எழுதிய குழந்தைக் கவிதைகளில் பெரும்பகுதி அந்த அல்மோரா நாட்களில் பிறந்தவை. சிரிப்பும் விளையாட்டும் நிறைந்த அப்பாடல்களைப் படிப்போருக்கு, பக்கத்து அறையில் ஒரு சிறுமி இருமிக்கொண்டிருந்தாள் என்பது தோன்றவே தோன்றாது. 1903 செப்டம்பரில் 12 வயதில் ரேணுகா மறைந்தாள்.

இந்த மகளின் வாழ்வில்தான் தாகூரின் முரண்பாடு ஒன்றும் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தை விமர்சித்து 1887ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர், 1901இல் ரேணுகாவுக்குப் பத்து வயதிலும் மூத்தவள் மாதுரிலதாவுக்கு 14 வயதிலும் மணம் முடித்து வைத்தார். வாழ்க்கை வரலாறுகள் பலவற்றில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படும் இச்செய்தி மறைக்கத்தக்கதன்று.

1905 ஜனவரியில் தந்தை தேவேந்திரநாத் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொள்ளும் இயக்கத்தை முன்னின்று நடத்தினார் தாகூர். ஆனால் போராட்டத்தில் வன்முறையும் மதவேற்றுமையும் தலைதூக்கவே விலகிக்கொண்டார். நேற்று வரை அவரது பாடல்களைப் பாடியவர்களே அவரைக் குறை கூறினர்.

இந்தச் சூழலில்தான் மிகக் கொடிய அடி விழுந்தது. விடுமுறைக்காக நண்பனுடன் முங்கேருக்குச் சென்றிருந்த இளைய மகன் சமீந்திரநாத்தைக் காலரா தாக்கியது. செய்தி அறிந்து தந்தை விரைந்தார், காப்பாற்ற இயலவில்லை. தோற்றத்திலும் இயல்பிலும் தந்தையை ஒத்திருந்த அச்சிறுவனுக்கு 11 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. வங்க நாட்காட்டியின்படி, ஐந்தாண்டுகளுக்கு முன் தாய் இறந்த அதே தேதி அது. மூத்த மகனோ அப்போது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றுகொண்டிருந்தார்.

கோரா நாவல் அந்நாட்களில் பிரவாசி இதழில் தொடராக வெளிவந்துகொண்டிருந்தது. மகன் இறந்த மாதத்திலும் அடுத்த பகுதியின் கையெழுத்துப்படி உரிய காலத்தில் இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜியின் கைக்கு வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்குள், 1908 பிப்ரவரியில், பாப்னாவில் கூடிய வங்க மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய தாகூர், கிராமங்களைச் சீரமைப்பது குறித்து உரையாற்றினார். அரசியல் மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில் அவ்வுரை வங்க மொழியில் அமைந்தது.

இதனைக் கல்நெஞ்சம் என்று கருதியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் கோரா நாவலைப் படித்தால் அவ்வாறு தோன்றாது. தீவிர இந்து ஆசாரத்தில் ஊறிய நாயகன், தான் 1857 கிளர்ச்சியின்போது அயர்லாந்துத் தாய் தந்தையருக்குப் பிறந்தவன் என்பதை இறுதியில் அறிகிறான். நம்பியவை யாவும் சரிந்த அந்த நொடியில் அவன் உடைந்துபோகவில்லை, விடுதலை பெறுகிறான். 1932இல் ஒரே பேரன் நிதீந்திரநாத் ஜெர்மனியில் இறந்தபோது, இளைய மகள் மீராவுக்கு எழுதிய கடிதத்தில் தாகூர் சமீந்திரநாத் மறைந்த அந்த நாட்களை நினைவுகூர்ந்தார். ரயிலில் திரும்பிய இரவில் கண்ட நிலவொளியையும், தம் பணி இன்னும் முடியவில்லை என்று அப்போது உணர்ந்ததையும் அதில் விவரித்திருந்தார். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த இரவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1913இல் நோபல் பரிசு வந்தது. உலகப் புகழும் வந்தது. 1918இல் காசநோயால் படுத்திருந்த மாதுரிலதாவைக் காணத் தாகூர் அன்றாடம் அவளது வீட்டுக்குச் சென்று வந்தார். மே மாதத்தில் ஒரு நாள் வாசலை அடைந்தபோது மகள் இறந்துவிட்டதை அறிந்தார். மாடிக்குச் செல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஆண்டு, ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து, பிரிட்டிஷ் அரசு அளித்த சர் பட்டத்தைத் துறந்தார்.

அறுபது வயதைக் கடந்த பிறகு ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1937இல் நினைவிழந்து மரணத்தின் வாயில் வரை சென்று திரும்பியவர், அந்த அனுபவத்தையும் கவிதையாக்கினார். 1941 ஜூலை 30ஆம் தேதி ஜொராசாங்கோ இல்லத்திலேயே அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெற்றது. அன்று காலை, எழுதுவதற்குக் கையில் வலுவில்லாத நிலையில், ஒரு கவிதையைச் சொல்லி எழுதச் செய்தார். குணமடைந்த பின் அதைத் திருத்த எண்ணியிருந்தார். எட்டு நாட்களுக்குப் பின் அவர் காலமானார். அக்கவிதை திருத்தப்படாமலேயே அச்சேறியது.