உடை வைத்தியர் எடித் ஹெட் அம்மையார்

நடிகையின் நடிப்பைப் புகழ்கிறோம், பாட்டைப் புகழ்கிறோம், அவர் உடுத்திய உடையை அமைத்தவர் யாரென்று நாம் கேட்பதில்லை. அமெரிக்க இல்லங்களில் அவ்வாறு கேட்டு, ஒரு பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அப்பெயர் எடித் ஹெட்.

1897-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் பிறந்த இவ்வம்மையார், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுப் பிரெஞ்சு ஆசிரியையாகப் பணியாற்றினார். 1920-களில் பாரமவுண்ட் படநிறுவனத்தில் உடைகளுக்குப் படம் வரையும் வேலையை நாடிச் சென்றபோது, ஓவிய வகுப்பில் உடன் பயின்றவர்களின் படங்களை இரவல் வாங்கித் தம்முடையவை போலக் காட்டி, அவ்வேலையைப் பெற்றுவிட்டார்! பின்னாளில் அவரே இதனை ஒப்புக்கொண்டார். நாம் இச்செயலை மெச்சுவதற்கில்லை. ஆயினும், அமர்ந்தபின் உழைத்துக் கற்று, 1938-இல் அந்நிறுவனத்தின் தலைமை உடையமைப்பாளராக உயர்ந்ததை மறுப்பதற்குமில்லை.

நானூறுக்கு மேற்பட்ட படங்கள், எட்டு ஆஸ்கார் பரிசுகள். அவற்றுள் ‘சப்ரினா’ படத்திற்குக் கிடைத்த பரிசு நம் மனத்தை உறுத்துகிறது. அப்படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த பேர்பெற்ற உடைகள் சில, பாரிஸ் நகரத்து ஜிவான்ஷியின் கைவண்ணம். அவர் பெயர் திரையில் வரவில்லை. 1955-இல் பரிசு எடித் அம்மையாருக்கே சென்றது. துறைத் தலைவரின் பெயரை மட்டும் போடுவது அக்காலத்து ஸ்டூடியோ வழக்கம் என்பர். வழக்கமாயினும், ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் தொலைக்காட்சியில் அவர் ஆற்றிய பணி இரவலன்று, முற்றிலும் அவருடையது. 1950-களில் ஆர்ட் லிங்க்லெட்டர் நடத்திய ‘ஹவுஸ் பார்ட்டி’ என்னும் பகல்நேர நிகழ்ச்சியில் அவர் தோன்றலானார். பார்க்க வந்திருந்த சாதாரணக் குடும்பப் பெண்களை அழைத்து நிறுத்தி, பருமனாயிருப்பவர் எதை உடுத்தலாம், குள்ளமானவர் எதைத் தவிர்க்கலாம் என்று முகத்திற்கு நேரே கூறினார். நட்சத்திரங்களின் குறைகளை மறைத்துப் பழகிய கை, அடுக்களையில் நிற்பவருக்கும் உதவிற்று. நம் ஆண்டுவிழா நாடகத்திற்காகப் பழைய பட்டுப் புடவையை வெட்டாமலே ஊசி குத்தி ராஜா உடை சமைக்கும் தாய்மார்களுக்கு இக்கலையின் அருமை நன்கு விளங்கும். 1959-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரும் ‘உடை வைத்தியர்’ என்ற பொருளுடையதே.

ஆஸ்கார் விழா 1953-இல் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. வீடுதோறும் குழந்தைகளும் பார்ப்பார்களே! மேடையேறும் நடிகைகளின் உடை வரம்பு மீறாமல் கவனிக்கும் ஆலோசகர் பொறுப்பும் பின்னர் இவரிடமே வந்தது.

1967-இல் பாரமவுண்டை விட்டு யூனிவர்சல் நிறுவனம் சென்றார். 1973-இல் ‘கொலம்போ’ என்னும் துப்பறியும் தொடரில் எடித் ஹெட்டாகவே தோன்றினார். அதுவரை பெற்றிருந்த ஏழு ஆஸ்கார் சிலைகளும் அக்காட்சியில் மேசைமேல் வரிசையாய் நின்றன. எட்டாவது சிலை மறு ஆண்டு வந்தது.

1981 அக்டோபர் 24-இல், எண்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாக, அம்மையார் காலமானார். அவர் கடைசியாக உடையமைத்த படம் 1982-இல் வெளிவந்து, அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது.