டாக்டர் பஞ்சானன் மகேஷ்வரி

மதுரைக்குப் புகழ் தரும் பயிர்களில் மூன்று, விதையிலிருந்து முளைப்பன அல்ல. மல்லிகையைத் துண்டு வைத்து வேர்விடச் செய்கிறார்கள். இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள தங்கச்சிமடத்து நாற்று அதற்குப் பெயர் போனது. சோழவந்தான் கொடிக்கால் வெற்றிலை, பழைய கொடியை நறுக்கி நட்டதனால் உண்டாவது. வாழையோ, தாய்க் கிழங்கில் வெடித்த பக்கக் கன்றினால் வம்சம் வளர்க்கிறது. வாழையடி வாழை என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதைக் கண்டுதான். ஆனால் தாயின் குணம் கன்றுக்கு வருவது போலவே தாயின் நோயும் கன்றுக்கு வருகிறது. முடிக்கொத்து நோய் கண்ட தோப்பிலிருந்து பெயர்த்த கன்றை அடுத்த ஊர் உறவினருக்கு அன்புடன் கொடுத்தனுப்புகிறவர், தாம் அறியாமலே நோயையும் கூடவே அனுப்புகிறார்.

இன்று வைகைப் பாசன நிலங்களில் வாழை வைப்போர் பலர், கன்று தேடி அண்டைத் தோப்புக்குப் போவதில்லை. சோதனைச்சாலையில் கண்ணாடிப் பாத்திரத்தில் பிறந்து, பின்பு மண் பையில் தேறிய திசு வளர்ப்பு நாற்றையே விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த நாற்றை வணிகத்திற்காகப் பெருக்கியவர் டாக்டர் மகேஷ்வரி அல்லர். ஆனால் இந்த வித்தையை இந்திய மண்ணில் ஒரு சாஸ்திரமாக வேரூன்றச் செய்தவர்களில் அவரே முதல்வர். நாற்றை வாங்குகிறவர்கள் அவர் பெயரை அறிய நியாயமில்லை. தேசம் அறியாதிருப்பதுதான் வருந்தத்தக்கது.

பஞ்சானன் என்றால் ஐந்து முகத்தோன், அதாவது சிவபெருமான். அப்பெயர் தாங்கிய மகேஷ்வரி 1904ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஜெயப்பூரில் பிறந்தார். உயர்தரக் கல்விக்கு அலகாபாத் சென்ற அவருக்கு அங்கே வாய்த்த ஆசிரியர் டட்ஜன் என்ற அமெரிக்கப் பாதிரியார். செடிகளைச் சுற்றித் திரிந்தும் நுண்நோக்கியில் பார்த்தும் படிக்கும் ஆர்வத்தை மாணவனுக்கு ஊட்டியவர் அவரே. தம்மை மிஞ்சி மாணவன் முன்னேறுவதே தமக்குத் திருப்தி என்று அந்த ஆசிரியர் கூறினாராம். இதற்குத் தாம் என்ன கைம்மாறு செய்வது என்று மகேஷ்வரி கேட்டதாகவும், தமக்குக் கிடைத்ததைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தால் போதும் என்று பதில் வந்ததாகவும் சொல்லுவார்கள். அவர் ஆயுள் முழுவதும் செலுத்தியது இந்தக் குருதட்சிணையைத்தான்.

1931ல் அலகாபாத்திலேயே டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காகச் சீமைக்கு ஓடவில்லை. ஆக்ரா, அலகாபாத், லக்னோ ஆகிய இடங்களில் ஆசிரியராயிருந்து, 1939ல் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றார். 1949ல் டெல்லி சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஸர் மாரிஸ் குவையர் அழைப்பின்மேல் அங்கே தாவர சாஸ்திரப் பகுதியின் தலைமையை ஏற்றார். பூக்கும் தாவரங்களின் கரு எவ்வாறு உருவாகிறது என்பது பற்றி 1950ல் அவர் வெளியிட்ட நூல், பல தேசங்களிலும் மாணவர்களின் கைநூலாயிற்று. மறு வருஷமே தாவர உருவியல் அறிஞர்களுக்கென ஒரு சர்வதேச சங்கத்தை டெல்லியில் நிறுவி, அதற்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நம்மவர் ஆராய்ச்சிகளை வெளிநாட்டுப் பத்திரிகைகளின் வாயிலில் காத்திருக்க வைத்த காலம் போய், வெளிநாட்டார் தங்கள் கட்டுரைகளை டெல்லிக்கு அனுப்பும் காலம் வந்தது.

கருவைப் பார்ப்பதோடு நில்லாமல் அதைச் செடிக்கு வெளியே வளர்க்கவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தாவரத்தின் ஓர் உயிரணுவைத் தனியே வளர்க்கலாம் என்று ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட் 1902லேயே எண்ணினார். அவர் முயற்சி பலிக்கவில்லை. 1941ல் அமெரிக்காவில் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்க முயன்றவர்கள், நம் ஊர் இளநீரைச் சேர்த்த பிறகே வெற்றி கண்டார்கள். சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சியைத் தூண்டும் வஸ்துக்கள் ஆகியவற்றைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரினால் கெட்டியாக்கிய கூழே இந்தப் பயிருக்கு வயல். இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியை அகாராகக் காய்ச்சும் ஆலைகள் மதுரையில் உண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம். கிருமி நீக்கிய சிறு துண்டை அந்தக் கூழில் வைத்தால் அது பெருகுகிறது. வளர்ச்சிப் பொருள்களின் அளவை மாற்றினால் ஒரு சமயம் வேரும் ஒரு சமயம் தளிரும் விடுகிறது.

டெல்லியில் ரங்கசுவாமி என்ற மாணவர் எலுமிச்சை இனத்தின் சூலுக்குள்ளிருக்கும் தாய்த் திசுவை இப்படி வளர்த்து நாற்றுகளை உண்டாக்கினார். 1962ல் குசும் காந்தாவும் அவரும் மகேஷ்வரியும் சேர்ந்து, கசகசாச் செடியின் சூல்களைப் பூவினின்று பிரித்துக் குழாயில் வைத்து, மகரந்தத்தைத் தூவி, அங்கேயே கருவுறச் செய்து விதையும் கண்டார்கள். உலகம் வியந்தது.

அதனினும் பெரிய செய்தி 1964ல் அதே பகுதியிலிருந்து வந்தது. சிப்ரா குகாவும், மகேஷ்வரியின் புதல்வர் சதீஷ் சந்திர மகேஷ்வரியும், ஊமத்தையின் மகரந்தப் பையைக் கூழில் வளர்த்தபோது, மகரந்தத் துகளிலிருந்தே கருக்கள் தோன்றின. மகரந்தத்தில் தாவரத்தின் குரோமோசோம்களில் பாதிதான் உண்டு. அதிலிருந்து வளர்ந்த செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால், பல தலைமுறை பொறுத்துப் பெறவேண்டிய தூய வித்து ஒரே அடியில் கிடைக்கிறது. ஜப்பானியர் இம்முறையை நெல்லுக்குக் கொண்டுபோனார்கள்; சீனர் நெல்லிலும் கோதுமையிலும் புதிய ரகங்களையே எடுத்துவிட்டார்கள். ஊமத்தையில் கண்ட உண்மையை வயலுக்கு இறக்குவதில் கண்டுபிடித்த தேசம் பின்தங்கியது ஏன்? சோதனைச்சாலைக்கும் விவசாயப் பண்ணைக்கும் நடுவே நாம் பாலம் போடவில்லை. குற்றம் விஞ்ஞானிகளுடையதன்று.

மகேஷ்வரி அந்தப் பாலத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க நினைத்தார் போலும். 1964ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான முதல் உயிரியல் பாடநூல்கள் அவர் தலைமையில் வெளிவந்தன. 1965ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1966 மே 18ந் தேதி, அறுபத்திரண்டு வயது நிரம்பாமலே, டெல்லியில் காலமானார்.

மதுரைச் சமவெளியிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சிறுமலையும், அதற்கு மேற்கே பழனி மலைச் சரிவுகளும், மலைவாழைக்குப் பெயர் பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த விருப்பாட்சி அங்கே விளைவது. முடிக்கொத்து நோய், அசுவினிப் பூச்சியினாலும் நோயுற்ற கன்றினாலும் பரவி அத்தோட்டங்களைப் பாழாக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நோயற்ற விருப்பாட்சியைத் திசு வளர்ப்பால் பெருக்கி மலை விவசாயிகளுக்குக் கொடுத்து அதை மீட்க முயன்றார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. கண்ணாடிக் குழாய் நோயைத் தானாகத் தீர்ப்பதில்லை. தாய்ச் செடியில் நச்சுயிரி இருந்து, அதைச் சோதியாமல் பெருக்கினால், பழைய முறையில் பத்துக் கன்றுக்குப் பரவிய நோய் இப்போது ஆயிரம் நாற்றுக்குப் பரவும். இதனாலேயே இந்திய சர்க்கார் 2006ல், திசு வளர்ப்பு நாற்றுகளைச் சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. மகேஷ்வரி மறைந்து நாற்பது ஆண்டு கழிந்திருந்தது. பணம் கொடுத்து நாற்று வாங்கும் சோழவந்தான் விவசாயி, அந்தச் சான்றைக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்க உரிமையுடையவர்.