மரத்தைக் கொல்லாமல் பால் கறந்த ரிட்லி

கொல்லிமலையில் பலாப் பழம் அறுக்க உட்காருபவர்கள் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பழத்தைத் தொட்டால், அதன் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் போகாது.

பலாவில் மட்டுமா பால்? ஆல், அத்தி, எருக்கு, கள்ளி, பப்பாளி ஆகியவற்றைக் கீறினாலும் வெள்ளை வெளேரென்று பால் வடியும். இந்தப் பாலைத்தான் விஞ்ஞானிகள் 'லேடெக்ஸ்' என்கிறார்கள். அது லத்தீன் மொழிச் சொல். திரவம் என்பது அதன் பொருள். தமிழில் மரப்பால் என்று சொன்னால் போதும்.

பசுவின் பால் கன்றுக்காக. மரத்தின் பால் எதற்காக? அதுவே மரத்தின் காவலாளி! பட்டையைக் கடிக்க வரும் பூச்சியின் வாயை அது ஒட்டிவிடும். சில பால்கள் நஞ்சு. பட்டையில் காயம் பட்டால், பால் வடிந்து உறைந்து அந்தக் காயத்தை மூடிவிடும்.

தன் காயத்தை ஆற்ற மரம் வைத்திருக்கும் இந்தப் பாலை, மரம் சாகாமல் ஆண்டுக் கணக்கில் எடுக்க வழி கண்டார் ஒருவர். அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. அவர் கண்ட வழி உலகத்தை மாற்றியது. லட்சக் கணக்கான தமிழர்களின் வாழ்க்கையையும் மாற்றியது.

தாயை இழந்த பிள்ளை

ரிட்லி 1855-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி இங்கிலாந்தில் நார்போக் என்ற பகுதியில் பிறந்தார். தந்தை பாதிரியார். ரிட்லி சிறு குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார்.

செடி, கொடி, பூச்சி, பறவை என்றால் சிறுவனுக்கு உயிர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில், தாவரப் பகுதியில் வேலை பார்த்தார்.

1888-ம் ஆண்டு அவருக்கு ஒரு புதிய பதவி கிடைத்தது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் டைரக்டர் பதவி! அப்போது அவருக்கு வயது 32. கப்பல் ஏறினார்.

அதே 1888-ல்தான், அயர்லாந்தில் வாழ்ந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்று அடைத்த சைக்கிள் டயரைப் பதிவு செய்தார். இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் பின்னால் ஒன்றோடு ஒன்று சேரப் போகின்றன என்று அன்று யாருக்கும் தெரியாது.

கடல் கடந்து வந்த கன்றுகள்

ரப்பர் மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசில் நாட்டின் அமேசான் காடுகளில் அது தானாக வளர்ந்தது. அங்குள்ள பழங்குடி மக்கள் அந்தப் பாலைக் காய வைத்துப் பந்து செய்தார்கள்; செருப்பு செய்தார்கள்; தண்ணீர் புகாத துணியும் செய்தார்கள்.

ஐரோப்பியர்கள் அதை முதலில் பென்சில் எழுத்தை அழிக்கத்தான் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்ப்பது. தேய்த்து அழிப்பதால் 'ரப்பர்' என்று பெயர் வந்தது.

ஆனால் அந்த ரப்பரில் ஒரு குறை இருந்தது. வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அந்தக் குறையைப் போக்கினார். ரப்பரோடு கந்தகம் கலந்து சூடாக்கினால், அது வெயிலையும் குளிரையும் தாங்கும் என்று கண்டார். அதன் பிறகு ரப்பருக்குக் கிராக்கி ஏறியது.

1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70 ஆயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றில் மூவாயிரம் கூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும் பகுதி இலங்கைக்கு வந்தது. மறு ஆண்டு, 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன.

ரிட்லி போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வளர்ந்து நின்றன. ஆனால் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை.

கோடரிக்குப் பதில் சிறு கத்தி

பிரேசிலில் பால் எடுப்பவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். வெட்டு பட்டையைத் தாண்டி உள்ளே கட்டை வரை பாயும். காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்ட முடியாது. மரமும் நலிந்துபோகும்.

ரிட்லி மரத்தைப் பொறுமையாக ஆராய்ந்தார். பால் கட்டைக்குள் இல்லை. பட்டைக்குள் உள்ள நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. அப்படியானால் கட்டையைத் தொடுவானேன்?

சிறு கத்தியால் பட்டையைச் சாய்வாகச் சீவினார். பால் அந்தச் சரிவில் வழிந்து, அடியில் இருந்த கிண்ணத்தில் சொட்டியது. சில மணி நேரத்தில் உறைந்து நின்றது. அடுத்த முறை புதிதாக ஒரு காயம் போடவில்லை. பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லிய இழையாகச் சீவினார். பால் மறுபடியும் வடிந்தது!

இன்னொரு விந்தையையும் கண்டார். அளவோடு சீவச் சீவப் பால் குறையவில்லை. முதல் வெட்டில் வந்ததைவிடப் பின்னால் அதிகம் வந்தது. வெயில் ஏறுவதற்கு முன், அதிகாலையில் வெட்டினால் பால் நன்றாக வரும் என்பதும் தெரிந்தது. சீவிய இடத்தில் புதுப் பட்டை வளர்ந்தது. சில ஆண்டுகளில் அங்கேயே மீண்டும் வெட்டலாம். மரம் சாகவில்லை!

கிறுக்கன் என்ற பட்டம்

மலாயாவில் இருந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அப்போது காப்பி பயிரிட்டு வந்தார்கள். ரிட்லி அவர்களைத் தேடிப் போனார். சட்டைப் பையில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு, பார்த்தவர்களிடம் எல்லாம் கொடுத்து நடச் சொன்னார்.

நட்டால் ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? முதலாளிகள் சிரித்தார்கள். ரிட்லிக்குக் 'கிறுக்கன்' என்று பட்டம் கட்டினார்கள்.

அவர் பேச்சை நம்பியவர் மலாக்காவில் வாழ்ந்த சீனர் ஒருவர். பெயர் டான் சே யான். 1896-ல் அவர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் அதுதான்.

சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. காப்பி விலை சரிந்தது. பூச்சியும் நோயும் காப்பிச் செடியை அழித்தன. மறுபக்கம் மோட்டார் கார் வந்தது. கார் என்றால் டயர். டயர் என்றால் ரப்பர்! சிரித்தவர்கள் விதை கேட்டு ரிட்லியிடம் வந்தார்கள். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவில் விளைந்தது. கிறுக்கன் என்ற பெயர் போய், 'ரப்பர் ரிட்லி' என்ற பெயர் நிலைத்தது.

பால்மரக் காட்டில் தமிழர்

ரிட்லி மரத்தை வதைக்காமல் பால் எடுக்கக் கற்றுக் கொடுத்தார். ஆனால் அந்தக் கத்தியைப் பிடிக்கக் கை வேண்டுமே! அந்தக் கைகளில் பெரும் பகுதி தமிழர்களுடையவை.

திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களில் இருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். கொல்லிமலையைச் சுற்றியுள்ள சீமையும் அந்த ஜில்லாக்களில் அடங்கியதுதான். மழை பொய்த்து வயல் காய்ந்த குடும்பங்கள் கப்பல் ஏறின.

விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆட்களைப் பேர் சொல்லி எண்ணுவதற்குத்தான் அங்கே பெரட்டு என்று பெயர். பிறகு கத்தியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குள் நடை. நூற்றுக் கணக்கான மரங்களை வெயிலுக்கு முன் வெட்டி முடிக்க வேண்டும். பெண்களும் வெட்டினார்கள். தங்குவதற்கு லயத்தில் ஓர் அறை. மலேரியாக் காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். மரத்துக்குக் காட்டிய அக்கறையை மனிதனுக்குக் காட்டாத தோட்டங்கள் பல.

இப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-ல் நிறுத்தியது.

வீடு தோறும் மரப்பால்

வெட்டிய பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும் பகுதி தண்ணீர். அமிலம் சேர்த்தால் பால் தயிர் போல் உறையும். அதை உருளையில் அழுத்தி, புகை காட்டி, தகடுகளாக ஆக்குவார்கள். டயரும் செருப்பும் அதிலிருந்து வரும்.

உறைய விடாமல் அம்மோனியா சேர்த்துப் பாலாகவே வைப்பதும் உண்டு. டாக்டரின் கையுறை, குழந்தையின் பலூன், மெத்தை ஆகியவை அந்தப் பாலில் இருந்து பிறக்கின்றன. சிலருக்கு மட்டும் இந்த ரப்பர் தோலில் அரிப்பை உண்டாக்கும். அவர்கள் வேறு பொருளில் செய்த கையுறை அணிவது நல்லது.

பலாப் பாலிலும் சிறிது ரப்பர் உண்டு. ஆனால் பிசின் அதிகம். அதனால்தான் அது இழுபடாமல் ஒட்டுகிறது. உடைந்த பாத்திரத்தை ஒட்டவும், குருவி பிடிக்கவும் முன்னோர் அதைப் பயன்படுத்தினார்கள்.

நூறு ஆண்டு வாழ்ந்தார்

ரிட்லி 1912-ல் இங்கிலாந்து திரும்பினார். ஓய்வு பெற்றும் ஓயவில்லை. மலாயாவின் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரிய தொகுதிகள் எழுதினார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1941-ல், திருமணம் செய்துகொண்டார்! 1955-ல் நூறாவது பிறந்த நாளைக் கண்டார். 1956-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி காலமானார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில், விடியும் நேரத்தில் பால் வெட்டு நடக்கிறது. கட்டையில் கத்தி படாமல், பழைய வெட்டின் ஓரத்தை இழை போல் சீவுகிறார்கள். ஆழம் சற்று மிஞ்சினால் மரம் கெடும். குறைந்தால் பால் வராது. அந்த அளவை ரிட்லி கண்டு சொன்னார். ஒவ்வொரு நாளும் அதைத் தவறாமல் காப்பது பால் வெட்டும் தொழிலாளியின் கைதான்.